விருந்தாளி வந்தால் பட்டிக்கு என்ன லாபம்?

கேள்வி: பிரான்ஸ் நாட்டில் விவசாயிகளே தங்கள் வீட்டில் சுற்றுலாப் பயணிகளைத் தங்க வைத்து, சமைத்துப் போட்டு வருமானம் பார்க்கிறார்களாமே? உண்மையிலேயே அதில் விவசாயிக்கு மிச்சம் உண்டா, இல்லை எல்லாம் இடையில் இருப்பவர்களுக்குத்தானா?
- வாசகர், உடுமலைப்பேட்டை

பதில்: உண்மைதான். அது நேற்று இன்று தொடங்கியதும் அல்ல. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பிரான்ஸ் கிராமங்களிலிருந்து ஆட்கள் வேலை தேடி நகரங்களுக்குப் போய்க்கொண்டே இருந்தார்கள். பூட்டிக் கிடந்த கல் வீடுகளைச் செப்பனிட்டு, விடுமுறைக்கு வரும் நகரத்துக்காரர்களுக்கு வார வாடகைக்கு விட்டால் என்ன என்ற யோசனை அப்போது வந்தது. 1951-ல் ஆல்ப்ஸ் மலைப் பக்கம் முதல் வீடு திறந்தது. 1955-ல் இதற்கென்று ஒரு கூட்டமைப்பே உருவானது. அதன் பெயர் 'ஜீத் த பிரான்ஸ்'. 'ஜீத்' என்றால் தங்குமிடம். 1988-ல் விவசாயச் சபைகள் சேர்ந்து 'பண்ணைக்கு வருக' என்ற பெயரில் இன்னொரு வலையமைப்பைத் தொடங்கின. இதில் உறுப்பினராக இருப்பவர்கள் விவசாயிகள் மட்டுமே.

மிச்சம் உண்டா என்பதற்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியாது. ஒரு தம்பதி ஒரு வாரம் வந்து தங்குவதாக வைத்துக்கொண்டு, அவர்கள் செலவழிக்கும் காசு எங்கெங்கே போகிறது என்று பின்தொடர்ந்து பார்த்தால் விளங்கும்.

நெதர்லாந்திலிருந்து காரில் வரும், ஐம்பது வயதைத் தாண்டிய கணவன் மனைவி என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுதோறும் இப்படி வருகிறவர்கள் ஏராளம். ஜூன் கடைசி. ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிவந்து, தெற்கு பிரான்ஸின் அவெய்ரோன் மாவட்டத்துக்குள் நுழைகிறார்கள். வரும் வழியில் மியோ என்ற ஊருக்குப் பக்கத்தில், தார்ன் ஆற்றுக்கு மேலே, 2004-ல் திறந்த பெரிய பாலம் ஒன்று இருக்கிறது. அதன் உச்சி 343 மீட்டர். பாலத்தைத் தாண்டியதும் லார்சாக் மேட்டுநிலம் ஆரம்பிக்கிறது.

தண்ணீர் நிற்காத மேடு

லார்சாக், கடல் மட்டத்திலிருந்து சுமார் 800 மீட்டர் உயரத்தில் இருக்கும் சுண்ணாம்புக்கல் பூமி. மழை பெய்யும். ஆனால் பெய்த தண்ணீர் பாறை வெடிப்பில் இறங்கிக் காணாமல் போய்விடும். ஓடையும் கிடையாது, குளமும் கிடையாது. அதனால் அந்தக் காலத்து மேய்ப்பர்கள் பள்ளமான இடம் பார்த்து, களிமண் கொட்டி இறுக்கி, மேலே கல் பாவி, வட்டமான குட்டைகளைக் கட்டினார்கள். 'லவோன்ய' என்பது அதன் பெயர். ஆடு வந்து ஓரத்தில் நின்று தண்ணீர் குடிக்க வசதியாகச் சரிவாக இருக்கும். லா கூவெர்துவாராத் என்ற கோட்டை ஊரின் வாசலில் அப்படி ஒன்று இன்றைக்கும் இருக்கிறது. புல்லும் முள் புதரும் தவிர வேறு பெரிதாக எதுவும் வராத இந்த நிலத்தில் செம்மறிதான் பிழைப்பு. மேய்ச்சலும் மனிதனும் சேர்ந்து உருவாக்கிய நிலம் என்பதற்காகவே 2011-ல் இந்தப் பகுதியை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

நம் தம்பதி ஒரு ஆட்டுப் பண்ணையில் அறை எடுத்திருக்கிறார்கள். சனிக்கிழமை சாயங்காலம் வந்து சேர்கிறார்கள். தங்குமிடச் சட்டம் இங்கே கெடுபிடியானது. வீட்டுக்குள்ளேயே அறை வாடகைக்கு விடுவதென்றால் ஐந்து அறைக்கு மேல் கூடாது, பதினைந்து பேருக்கு மேல் கூடாது. ஊராட்சி அலுவலகத்தில் முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். வாடகையிலேயே காலைச் சாப்பாடும் படுக்கை விரிப்பும் அடக்கம். இரவுச் சாப்பாடு போட விரும்பினால் அதற்கும் விதி உண்டு: ஒரே சமையல், வீட்டார் உட்காரும் அதே மேஜை, தங்கியிருக்கிறவர்களுக்கு மட்டும். வழியில் போகிறவனை அழைத்து விற்றால் அது உணவகம் ஆகிவிடும், அதற்கு வேறு சட்டம். இந்த வரம்பெல்லாம் விவசாயியைக் கட்டிப்போடுவது போலத் தோன்றலாம். ஆனால் பெரிய முதலாளி ஒருவர் ஐம்பது அறை கட்டிவிட்டு 'பண்ணை வீடு' என்று பலகை மாட்ட முடியாமல் தடுப்பதும் இதே வரம்புதான்.

அன்று ராத்திரி மேஜையில் முதலில் கீரை இலைகளும் அக்ரூட் பருப்பும் உதிர்த்த ரோக்ஃபோர் சீஸும் கலந்த சாலட். அடுத்து அடுப்பில் சுட்ட ஆட்டுக்கால் கறி, கூடவே 'அலிகோ'. இது அவெய்ரோனின் வடக்கே ஓப்ராக் மலையில் பிறந்த சமையல். அவித்து மசித்த உருளைக்கிழங்கில் புளிக்காத புதுச் சீஸ், வெண்ணெய், பூண்டு போட்டு, மரத்துடுப்பால் கை வலிக்கக் கிண்டுவார்கள். கேழ்வரகுக் களி கிண்டிய கைகளுக்கு அந்த வேலை புதிதாக இருக்காது. பதம் வந்துவிட்டதா என்று பார்க்கத் துடுப்பைத் தூக்கினால், ஒரு ஆள் உயரத்துக்கு அறுபடாமல் நாடாவாக நீள வேண்டும். விருந்தாளிகள் கைபேசியை எடுப்பது அந்த நேரத்தில்தான்.

சாப்பாட்டின் வரிசையில் சீஸ் தனி ஒரு சுற்று. கறிக்குப் பிறகு, இனிப்புக்கு முன்னால். ரொட்டியைத் தட்டில் வைக்க மாட்டார்கள், மேஜை விரிப்பின் மேல் வைப்பார்கள். கடைசியில் 'ஃப்ளோன்' என்ற இனிப்பு. சீஸ் எடுத்த பிறகு மிஞ்சும் ஆட்டுப்பால் மோர்த் தண்ணீரை மறுபடி காய்ச்சினால் மேலே திரளும் வெண்மையான கட்டியை, முட்டையும் சர்க்கரையும் ஆரஞ்சுப்பூ நீரும் சேர்த்து மாவுக் கிண்ணத்தில் வைத்துச் சுடுவது. கீழே ஊற்ற வேண்டிய தண்ணீர், விருந்தின் முடிவில் வந்து உட்காருகிறது.

கறவை நின்றால் அறை நிறையும்

காலையில் கணவர் தொழுவத்துக்குப் போய் நிற்கிறார். நானூறு ஆடுகள் என்றால் ஆச்சரியப்படாதீர்கள். அங்கே அது சாதாரணப் பட்டி. எல்லாம் லாகோன் இனம். கொம்பும் கிடையாது, உடம்பில் ரோமமும் குறைவு. ஒரு ஆடு நாளுக்கு ஒன்றரை லிட்டர் அளவில் கறக்கும். இயந்திரக் கறவைதான், காலை ஒரு முறை, மாலை ஒரு முறை.

டிசம்பர், ஜனவரியில் குட்டி ஈனும். ஏறக்குறைய ஒரு மாதம் குட்டிக்கு விட்டுவிட்டு, அதன் பிறகு கறவை ஆரம்பித்து, ஜூலை வாக்கில் வற்ற விடுவார்கள். ஆகஸ்ட்டில் தொழுவத்தில் கறவை வேலை இல்லை. பிரான்ஸ் முழுவதும் விடுமுறை எடுப்பதும் அந்த ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில்தான். ஆடு ஓய்வெடுக்கும்போது விருந்தாளி வருகிறார். விருந்தாளி போனதும் கிடா சேர்த்த ஆடுகள் சினைப்பட்டிருக்கும். பண்ணைத் தங்கல் இந்த மேட்டில் வேர் பிடித்ததற்கு இந்தக் கால ஒத்துப்போதல் பெரிய காரணம். வருடம் முழுக்கக் கறவை உள்ள பசு மாட்டுப் பண்ணைக்கு இந்த வசதி கிடையாது. இப்படி ஒரு யோசனையோடு இருப்பவர்கள் முதலில் தங்கள் பண்ணையின் ஓய்வு மாதம் எது, விருந்தாளி வரும் மாதம் எது என்று பார்க்க வேண்டும். இரண்டும் மோதினால் வீட்டுப் பெண்கள்தான் இரண்டு பக்கமும் ஓட வேண்டியிருக்கும். பிரான்ஸிலும் படுக்கை விரிப்பு மாற்றுவதும் சமைப்பதும் பெரும்பாலும் அவர்கள் தலையில்தான் விழுகிறது.

இந்தப் பால் எங்கே போகிறது? பெரும்பகுதி ரோக்ஃபோர் சீஸுக்கு. ஒரு கிலோ சீஸுக்கு நாலரை லிட்டர் ஆட்டுப்பால் வேண்டும். பாலைக் காய்ச்சக் கூடாது, பச்சையாகத்தான் உறை ஊற்ற வேண்டும். அந்த உறை விலங்கின் இரைப்பையிலிருந்து எடுப்பது, சைவம் சாப்பிடுகிறவர்கள் தெரிந்துகொள்வது நல்லது. பிறகு கொம்பாலு மலையின் குகைகளில் வைத்துப் பழுக்க விடுகிறார்கள். மலை சரிந்ததில் உண்டான பாறை வெடிப்புகள் வழியாகக் குளிர்ந்த ஈரக் காற்று உள்ளே வந்துகொண்டே இருக்கும். பூஞ்சணம் பிடித்து உள்ளே நீலப் பச்சை நரம்புகள் ஓடும். முன்பெல்லாம் கம்பு போன்ற 'ரை' தானிய ரொட்டியைக் குகையில் வைத்துப் பூஞ்சணம் பிடிக்கவிட்டு, பொடித்துப் பாலில் சேர்ப்பார்கள். மொத்தம் தொண்ணூறு நாளாவது ஆன பிறகே விற்பனைக்கு.

தம்பதி அந்தக் குகைக்கும் போகிறார்கள். ஜூன் வெயிலில் போனாலும் உள்ளே ஸ்வெட்டர் வேண்டும். மனைவிக்கு அந்த வாசனை பிடிக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். வெளியே வந்து கொஞ்சம் தேனோடு சாப்பிட்டுப் பார்த்த பிறகுதான் முகம் தெளிகிறது.

விவசாயிக்கு இதில் கவனிக்க வேண்டியது பெயர் காப்பு. 1411-லேயே ஆறாம் சார்லஸ் என்ற மன்னர், இந்தக் குகைகளில் பழுக்க வைக்கும் உரிமையை அந்த ஊர்க்காரர்களுக்கே கொடுத்தார். 1925-ல் தனிச் சட்டமே வந்தது. இன்றைய விதிப்படி இந்த வட்டாரத்து லாகோன் ஆட்டுப்பாலில், இந்தக் குகையில் பழுத்தது மட்டுமே ரோக்ஃபோர். தீவனத்தின் பெரும்பங்கும் இந்த வட்டாரத்திலேயே விளைந்ததாக இருக்க வேண்டும். புல் இருக்கும் காலத்தில் ஆட்டைக் கட்டிப்போட்டு வளர்க்கக் கூடாது, மேய்க்க வேண்டும். அதனால்தான் ஆட்டுப்பாலுக்கு மாட்டுப்பாலைப்போல இரண்டு மடங்குக்கு மேல் விலை கிடைக்கிறது. ஆனாலும் கொடுக்கிற பால் எல்லாவற்றுக்கும் ஒரே விலை இல்லை. ஒப்பந்த அளவுக்கு மேல் போகும் பாலின் விலை இறங்கிவிடும். அதனால் சில விவசாயிகள் 1990-களில் தங்களுக்குள் கூட்டுறவு அமைத்து, மிஞ்சும் பாலில் வேறு சீஸ்கள் செய்து தாங்களே விற்க ஆரம்பித்தார்கள். சுற்றுலாப் பயணிகள் அந்தச் சீஸை வாங்குவது பெரும்பாலும் பண்ணை வாசலிலும் வாரச் சந்தையிலும்தான்.

சந்தையும் ரொட்டிக்கடையும்

மியோ சந்தைக்குப் போன தம்பதி முதலில் ஒன்று கற்றுக்கொள்கிறார்கள். கடைக்காரரிடம் விலை கேட்பதற்கு முன்னால் 'போன்ஜூர்' என்று வணக்கம் சொல்ல வேண்டும். சொல்லாமல் கையை நீட்டினால் பதில் வருவது கஷ்டம். பழம் காய்களில் எங்கே விளைந்தது என்ற பலகை கட்டாயம். விளைவித்தவரே விற்கிறாரா, வாங்கி விற்கிறாரா என்று ஊர்க்காரர்கள் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் பையைத் திறப்பார்கள். மதியம் பன்னிரண்டு மணிக்குப் பாதிக் கடைகள் கதவடைத்துவிடும். இரண்டு மணி வரை சாப்பாட்டு நேரம். முதல் நாள் இது தெரியாமல் தம்பதி பூட்டிய கடை வாசலில் நின்றார்கள். இரண்டாம் நாள் அவர்களும் அந்த நேரத்தில் மரநிழலில் உட்கார்ந்து ரொட்டியும் சீஸும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

ரொட்டிக்கடைக்கும் சட்டம் உண்டு. மாவு பிசைந்து, புளிக்க வைத்து, சுடுவது எல்லாம் அங்கேயே நடந்தால்தான் 'பூலாஞ்சரி' என்று பலகை மாட்டலாம். உறைந்த மாவை வாங்கிச் சுடுகிற கடைக்கு அந்தப் பெயர் கிடையாது. இது 1998-ல் வந்த சட்டம். 1993-ல் வந்த ஆணைப்படி 'பாரம்பரிய ரொட்டி' என்று விற்பதில் சேர்ப்புப் பொருள் எதுவும் கலக்கக் கூடாது. பாகெத் என்ற நீள ரொட்டி செய்யும் கைத்திறனை 2022-ல் யுனெஸ்கோ தன் பட்டியலில் எடுத்துக்கொண்டது. கிராமத்தில் ரொட்டிக்கடை மூடினால் பள்ளிக்கூடம் மூடிய மாதிரி ஊரே வாடிவிடும். விருந்தாளி தினமும் வாங்கும் இரண்டு ரொட்டி, குளிர்காலத்திலும் அந்தக் கடை திறந்திருக்க உதவுகிறது.

நிலம் யாருடையது?

வாரத்தின் நடுவில் தம்பதி மேட்டில் நடக்கப் போகிறார்கள். வழியில் லா பிளாக்கியேர் என்ற குக்கிராமத்தில் கல்லால் கட்டிய ஒரு பெரிய ஆட்டுக் கொட்டகை. அதைக் கட்டும்போது அரசாங்க அனுமதி கிடையாது. வேண்டுமென்றேதான் அப்படிக் கட்டினார்கள். லார்சாக்கின் நிஜக் கதை இங்கேதான் இருக்கிறது.

1971-ல் பாதுகாப்பு அமைச்சர் மிஷேல் தெப்ரே, இங்கிருந்த ராணுவ முகாமை 3,000 ஹெக்டேரிலிருந்து 17,000 ஹெக்டேராக விரிக்கப்போவதாக அறிவித்தார். நிலம் எடுப்பில் 107 பண்ணைகள் மாட்டின. 'கல்லும் முள்ளும்தானே, நாலு ஆடுதானே' என்பதுதான் பாரிஸில் இருந்தவர்களின் நினைப்பு. 1972 மார்ச்சில் 103 விவசாயிகள் ஒரு காகிதத்தில் கையெழுத்திட்டார்கள்: எவரும் தனியாக ராணுவத்துக்கு நிலம் விற்பதில்லை.

அந்த மாதமே லான்சா டெல் வாஸ்தோ என்ற முதியவர் லா கவலரி ஊரில் பதினைந்து நாள் உண்ணாவிரதம் இருந்தார். இத்தாலியில் பிறந்த அவர், 1937-ல் வார்தா போய் காந்தியடிகளோடு தங்கியவர். 'சாந்திதாஸ்' என்று அவருக்குப் பெயர் வைத்தவர் காந்திதான். கத்தோலிக்க நம்பிக்கையில் ஊறிய, சட்டத்தை மீறிப் பழக்கமில்லாத அந்த ஆட்டுக்காரர்களுக்கு, கை ஓங்காமலும் எதிர்க்கலாம் என்ற பாடம் அந்தப் பந்தலில் கிடைத்தது.

பிறகு நடந்ததைப் பட்டியல் போட்டால் பக்கம் போதாது. 1972 அக்டோபரில் அறுபது ஆடுகளை லாரியில் ஏற்றிப்போய் பாரிஸில் ஈபிள் கோபுரத்துக்குக் கீழே மேய விட்டார்கள். 1973 ஜனவரியில் டிராக்டர்களில் பாரிஸுக்குப் புறப்பட்டார்கள். வழியில் போலீஸ் தடுத்ததும் இறங்கி நடந்தார்கள். வெளியூர் ஆதரவாளர்கள் வருமான வரியில் மூன்று சதவீதத்தை அரசுக்குக் கட்டாமல் விவசாயிகளுக்கு அனுப்பினார்கள். லா பிளாக்கியேர் கொட்டகைக்கு அந்தப் பணமும் உதவியது. நிலத்தைத் துண்டு துண்டாக ஆயிரக்கணக்கானவர்கள் பெயரில் வாங்கி, கையகப்படுத்தும் அதிகாரிகளைத் திணற அடித்தார்கள். 1978-ல் 710 கிலோமீட்டர் நடந்தே தலைநகர் போனார்கள். பத்து வருடம் கழித்து, 1981-ல் மித்தெரான் குடியரசுத் தலைவரானதும் திட்டம் கைவிடப்பட்டது.

அதற்குள் ராணுவத்துக்காக அரசு வாங்கிவிட்டிருந்த நிலம் 6,300 ஹெக்டேர். அதை என்ன செய்வது? ஏலம் விட்டிருந்தால் பணக்காரர் கைக்குப் போயிருக்கும். விவசாயிகள் சேர்ந்து ஒரு சங்கம் அமைத்து, 1985-ல் நிலம் முழுவதையும் அரசிடமிருந்து நீண்ட காலக் குத்தகைக்கு எடுத்தார்கள். 2013-ல் அந்தக் குத்தகை 2083 வரை நீட்டிக்கப்பட்டது. சங்கம், உழைக்கிற குடும்பத்துக்கு நிலமும் வீடும் தரும். வேலையிலிருந்து ஓய்வு பெறும்போது இரண்டையும் திருப்பித் தந்துவிட வேண்டும். விற்க முடியாது, பிள்ளை பெயருக்கு எழுத முடியாது. கட்டிய கொட்டகைக்கும் செய்த சீர்திருத்தத்துக்கும் மதிப்பு போட்டு அடுத்து வருகிறவர் கொடுப்பார். சொந்த நிலம்தான் மானம் என்று நினைக்கிற ஊரில் இது எளிதில் செரிக்காது. அங்கேயும் வயதான காலத்தில் வீட்டை விட்டுப் போக மனம் வராதவர்கள் இருக்கிறார்கள். ஆனால் கையில் காசில்லாத இளம் தம்பதிகள் ஆடு வளர்க்க அந்த மேட்டுக்கு இன்றும் வர முடிகிறதென்றால் அதற்கும் இந்த ஏற்பாடுதான் காரணம். தெற்கு பிரான்ஸின் எத்தனையோ கிராமங்களில் பழைய வீடுகளை வெளியூர்க்காரர்கள் விடுமுறை வீடாக வாங்கி விலையை ஏற்றிவிட, உள்ளூர்ப் பிள்ளைகள் வாடகைக்கு அலைகிறார்கள். சுற்றுலாவின் இந்தக் கெடுதலைச் சங்கத்து நிலம் ஓரளவு தடுத்து நிறுத்தியிருக்கிறது.

1999-ல் அமெரிக்கா ரோக்ஃபோர் சீஸுக்கு நூறு சதவீத வரி போட்டது. ஹார்மோன் ஊசி போட்ட மாட்டிறைச்சியை ஐரோப்பா வாங்க மறுத்ததற்குப் பதிலடி. அப்போது மியோவில் கட்டிக்கொண்டிருந்த அமெரிக்க உணவகம் ஒன்றை விவசாயிகள் பிரித்துப் போட்டார்கள். முன்னால் நின்ற ஜோஸே போவே இதே லார்சாக்கில் ரோக்ஃபோருக்குப் பால் ஊற்றிய ஆட்டுக்காரர். அதற்காக அவர் சிறைக்கும் போனார்.

இனி உடுமலைப்பேட்டை வாசகர் கேட்ட கணக்கு. தம்பதியின் பெட்ரோல் செலவும் பாலத்துச் சுங்கமும் பெரிய நிறுவனங்களுக்கு. அறையை இணையத் தளம் வழியாகப் பிடித்திருந்தால் அதில் ஒரு பங்கு தரகு. பண்ணைக்கு நேராகத் தொலைபேசியில் பேசியிருந்தால் அது மிச்சம். ஆளுக்கு ஒரு ராத்திரிக்கு இவ்வளவு என்று சில்லறைக் காசு தங்கல் வரியாக ஊராட்சிக்கு. அறை வாடகை, இரவுச் சாப்பாடு, வாசலில் வாங்கிய சீஸ், இரண்டு பாட்டில் தேன் ஆகியவை பண்ணைக்கும் பக்கத்துப் பண்ணைகளுக்கும். அதே பாலைத் தொழிற்சாலை வண்டியில் ஊற்றினால் வரும் விலையும், சீஸாக்கி வாசலில் விற்றால் வரும் விலையும் ஒன்றல்ல. ஆனால் சீஸ் செய்யத் தனி அறை, சுகாதாரச் சோதனை, கூடுதல் ஆள் எல்லாம் வேண்டும். அதனால்தான் எல்லாரும் அதில் இறங்குவதில்லை. தங்கல் வருமானத்தை நம்பி ஆட்டை விற்றவர் பிறகு விருந்தாளிக்குக் காட்ட எதுவும் இல்லாமல் நிற்பார் என்பது அந்த ஊர்க்காரர்களுக்கு நன்றாகத் தெரியும்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குத் தம்பதி கிளம்புகிறார்கள். கார் டிக்கியில் ஆறு கிலோ சீஸ், ஒரு ஃபுவாஸ் ரொட்டி, ஓப்ராக் மலையில் செய்த மடக்குக் கத்தி ஒன்று. பண்ணைக்காரர் வைக்கோல் உருளைகளை ஏற்றிக்கொண்டிருந்ததால் தூரத்திலிருந்தே கையை ஆட்டுகிறார். அவர் மனைவி விரிப்புகளை உருவிச் சலவை இயந்திரத்தில் போடுகிறார். அடுத்தவர்கள் நாலு மணிக்கு வருகிறார்கள். ஐந்தரைக்குக் கறவை.